பித்தளைக் குமிழ்

காபியை ஆறவிடாதீர்கள், ஐயா. என் சம்சாரம் மயிலம்மாள் போடும் காபி சூட்டோடு குடித்தால்தான் நன்றாக இருக்கும். உங்களுக்குப் பித்தளை டபராவில் வந்திருக்கிறது, எனக்கு மட்டும் பீங்கான் கோப்பை. என்ன வித்தியாசம் என்று நீங்கள் பார்ப்பது தெரிகிறது. காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நீங்கள் வந்த காரியத்துக்கு வருவோம். பாலக்கரை நஜிமுதீன் பாய் விற்ற செட்டைத் தொட்டு, ஸ்ரீரங்கத்தில் பத்மாசனி என்ற அம்மாள் இறந்துபோனார். பாயைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். செட்டில் கோளாறு உண்டா என்று விவரம் தெரிந்த ஒருவன் எழுதிக் கொடுக்க வேண்டும். திருச்சியில் ரேடியோ விஷயம் அழகிரியைவிடத் தெரிந்தவன் இல்லை என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்தச் செட்டையே கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். கம்பியை எங்கேயும் சொருகவில்லையே? இல்லை, எனக்கே தெரிகிறது. சும்மா கேட்டேன்.

நான் கண்டுபிடித்த பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

மலிவான ரேடியோ செட்டுக்குள் ஓர் இரும்புத் தட்டு இருக்கும். வால்வு, கம்பி எல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். சுவரிலிருந்து வருகிற கரண்டின் ஒரு முனையை நேராக அந்தத் தட்டோடு சேர்த்துவிடுவார்கள். ப்ளக்குக்கு இரண்டே முள், ஒரு விதமாகச் சொருகினால் தட்டில் ஒன்றுமில்லை. அதையே திருப்பிச் சொருகினால் தட்டு முழுக்கக் கரண்டு. எப்படிச் சொருகினாலும் பாட்டு ஒரே மாதிரிதான் வரும், அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வெளியே மரப்பெட்டி, தட்டிலிருந்து நீளும் இரும்புத் தண்டைத் திருகுவதற்குப் பேக்கலைட் என்கிற கறுப்புப் பிளாஸ்டிக் குமிழ். இரண்டிலும் கரண்டு பாயாது என்பதால் ஆபத்து உள்ளேயே அடங்கிக் கிடக்கும். விலை உயர்ந்த செட்டில் பெரிய ட்ரான்ஸ்பார்மர் வைத்துத் தட்டைக் கரண்டிலிருந்தே பிரித்துவிடுவார்கள். மலிவு செட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

நான் ட்ரான்ஸ்பார்மருக்குள் தகடு அடுக்கும் விதத்தை மாற்றிப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்குகிற ட்ரான்ஸ்பார்மர் வந்தது, விலையும் சகாயம். அதைப் போட்ட செட்டைப் பச்சைக் குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செய்தேன், ஐயா. மயிலம்மாளின் வளையல் அதில்தான் போனது. கல்கத்தாவுக்கு எழுதிப்போட்டு பேட்டண்டும் வாங்கினேன். பதினாறு வருஷத்துக்கு என்னைத் தவிர எவனும் அதைச் செய்யக்கூடாது. சர்க்கார் முத்திரையோடு கொடுத்த உரிமை அது.

நஜிமுதீன் பாய் என் செட் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். கொஞ்ச நாளில் அவர் கடை செட்டிலும் என் ட்ரான்ஸ்பார்மர். நான் வக்கீல் நோட்டீஸ் விட்டதும் அவரே நேரில் வந்தார். நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"அண்ணே, தப்புதான். ஒத்துக்கறேன். செட்டுக்கு இவ்வளவுன்னு நீங்களே ஒரு தொகை சொல்லுங்க, மாசாமாசம் கொண்டாந்து வச்சிடறேன். அந்த ட்ரான்ஸ்பார்மர மட்டும் போட விடுங்க."

"முடியாது பாய். அது என்னோடது."

"அது இல்லாம போட்டா தட்டுல கரண்டு நிக்குமேண்ணே. ஏழபாழைங்க வாங்குற செட்டு. எனக்குப் பயமா இருக்கு."

"பயமா இருந்தா செட்டு போடாதீங்க" என்றேன்.

அதில் தவறு இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டுக் கிணற்றை நான் மூடி வைத்தால் கேட்பதற்கு யாருக்கு உரிமை?

ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டேன். பேட்டண்டே செல்லாது என்று பாய் வாதாட வேண்டுமானால் வழக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போய்விடும். அங்கே போய்ப் பெரிய வக்கீல் வைக்க அவருக்கு ஏது தெம்பு? எனக்குச் சாதகமாகத் தடையுத்தரவு வந்தது. அன்றைக்கு மலைக்கோட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். இனி பாலக்கரைக்குப் போகிற ஜனமெல்லாம் என் கடைக்கு வந்துதானே ஆகவேண்டும் என்று நினைத்தேன். என் கணக்கு பிசகிப்போனது அங்கேதான்.

பாய் கோர்ட் உத்தரவுக்கு அப்படியே பணிந்தார். ட்ரான்ஸ்பார்மரை எடுத்துவிட்டுப் பழைய மாதிரி தட்டோடு சேர்த்தே செட் போட்டார். ஒரு சாமான் குறைந்ததால் விலையும் குறைந்தது. பொன்மலை ஒர்க்‌ஷாப் ஆட்கள் ஷிப்டு விட்டதும் சைக்கிளை நேரே பாலக்கரைக்கு மிதித்தார்கள். காந்தி மார்க்கெட் வியாபாரிகள் கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வாங்கினார்கள். வழக்கில் ஜெயித்த நான் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன். வருகிறவனிடம் பின்பலகையைக் கழற்றி, இதோ பாருங்கள், இதுதான் உங்கள் உயிரைக் காப்பது என்று காட்டுவேன். "பாட்டு ரெண்டுலயும் ஒண்ணுதானேங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

எனக்குப் பயம் வந்தது, ஐயா. அதைச் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பினால் மயிலம்மாளின் வெறுங்கை கண்ணில் படும், சோறு இறங்காது. எனக்கு இவ்வளவு பயம் இருக்கிறது, இந்த ஜனங்களுக்குக் கொஞ்சம்கூட இல்லையே என்று ஆத்திரமாக இருந்தது. கொஞ்சம் பயந்தால் என்னிடம் வருவார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

பித்தளைக் குமிழ் அதற்காகச் செய்ததில்லை. அது வேறு கதை. ஸ்ரீரங்கத்தில் மடி பார்க்கிற வீடுகள் அதிகம் என்று உங்களுக்குத் தெரியும். குளித்துவிட்டு மடியாக இருக்கும் பெண்கள் கண்டதைத் தொடமாட்டார்கள். பேக்கலைட் எதில் செய்தது, எலும்பா, கோந்தா, யார் கண்டது? ஆனால் மார்கழி விடியற்காலையில் ரேடியோவில் திருப்பாவை போடுகிறார்களே, அதைக் கேட்காமலும் இருக்க முடியாது. பித்தளைக்கு மடித் தோஷம் கிடையாது. ஆகவே என் செட்டுக்குப் பித்தளைக் குமிழ் போட்டேன். என் செட்டில் தட்டு தனியாகப் பிரிந்திருப்பதால் பித்தளை போட்டாலும், தங்கமே போட்டாலும் ஆபத்தில்லை. வெயிலில் பளபளவென்று அழகாக இருக்கும். அதோ, அந்தச் செட்டில் இருப்பதும் நான் கடைந்ததுதான்.

ஆமாம், ஐயா. பாயின் செட்டில் என் குமிழ்.

பத்மாசனி அம்மாளின் கணவர் சடகோபன் பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. கீழச் சித்திரை வீதியில் வீடு. சிக்கனமான மனிதர், செட்டைப் பாயிடம் வாங்கிவிட்டார். குமிழ் மட்டும் தேவைப்பட்டது. ஐப்பசியில் ஒருநாள் ஆபீஸ் விட்டு வருகிற வழியில் என் கடை ஏறினார்.

"அழகிரி, என் ஆத்துல அவ மடியா இருக்கச்சே இந்தக் கறுப்புக் குமிழைத் தொடமாட்டேங்கறா. விறகுக் குச்சியால தள்ளித் தள்ளித் திருப்பறா, பார்க்கச் சகிக்கல. உங்ககிட்ட பித்தளையில இருக்காமே?"

கொடுத்தேன். கேட்டதைக் கொடுப்பது வியாபாரம். நான் வேறொன்றும் சொல்லவில்லை.

இல்லை, அதைத் திருத்திக்கொள்கிறேன். கொஞ்சம் சொன்னேன். அவர் குமிழைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "செட்டு வாங்கறப்போ பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னார், குமிழை மட்டும் மாத்தாதீங்கோன்னு. ஏன் அப்படிச் சொன்னார்?" என்று கேட்டார்.

"மாத்தினா எங்கிட்டதானே வாங்கணும். அதான் அப்படிச் சொல்லியிருப்பாரு" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அவரே மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தேன். ப்ளக்கைச் சரியாகச் சொருகியிருந்தால் ஒன்றும் ஆகாது, மாற்றிச் சொருகியிருந்தால் ஆகும். அது ஸ்ரீரங்கத்துப் பெருமாள் ரெங்கநாதன் பாடு, என் கையில் இல்லை என்று வைத்துக்கொண்டேன். கார்த்திகை முழுக்கக் காலையில் பேப்பர் வந்ததும் உள்ளூர்ச் செய்தியைத்தான் முதலில் பார்ப்பேன். நடுவில் இரண்டு தரம் சடகோபனை பஸ்ஸில் பார்த்தேன். "குமிழ் அமோகம். அவளுக்குப் பரம சந்தோஷம்" என்றார். எனக்கு முதுகில் வியர்த்தது. பயத்திலா, ஏமாற்றத்திலா என்று கேட்காதீர்கள். நானே பிரித்துப் பார்த்ததில்லை.

மார்கழி பிறந்த சில நாளில் அது நடந்தது. சடகோபன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவர் எழுந்ததும் சுவரில் இருக்கிற ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காவிரிக்குக் குளிக்கப் போவார். மடியில் இருப்பவர் சுவர் ஸ்விட்சைத் தொடமாட்டார் என்பதால் அது அவர் வேலை. அந்த அம்மாள் கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈரப்புடவையோடு, ஈரக்காலோடு வந்து குமிழைத் திருப்புவார், செட்டைப் போடுவதும் சத்தம் கூட்டுவதும் அதே குமிழ்தான்.

வால்வு செட் திருப்பியவுடன் பாடாது, ஐயா. உள்ளே சூடேற அரை நிமிஷமாவது ஆகும். பாட்டு அதற்குப் பிறகுதான் வரும், அன்றைக்கு அதைக் கேட்க அவர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் சடகோபன் என்னைத் தேடி வந்தார். எதற்கு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. கடையில் நின்றுகொண்டே பேசினார்.

"காவிரிலேர்ந்து வரச்சே தெருமுனைக்கே கேட்டது, அழகிரி. ஊரைக் கூட்டற மாதிரி பாடிண்டிருந்தது. ஏன் இத்தனை சத்தமா வெச்சிருக்கேன்னு வாசல்லேர்ந்தே கோவிச்சுண்டேன். அவ பதில் சொல்லல."

பிறகு, "ஸ்விட்சை நான்தானே போட்டேன். நான்தானே போட்டுட்டுப் போனேன்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

மறுநாள் நீங்கள் பாயைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அவர் சம்சாரம் கமருன்னிசா என் வீட்டுக்கு வந்தது. வாசற்படிக்கு வெளியிலேயே நின்றது. "அண்ணே, நீங்க சொன்னா போலீசு நம்பும். அவரு விக்கிறப்ப அந்தச் செட்டுல பித்தளை இல்லண்ணே. அத மட்டும் சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." மயிலம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். "சொல்லிடுங்களேன், உண்மைதானே?" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

நான் எதிர்பார்த்த பயம் வந்தது, ஐயா. ஒரே வாரத்தில் ஊர் முழுக்க வந்தது. ஆனால் அந்தப் பயம் என் சொல் கேட்கவில்லை. யார் செட், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் ரேடியோவை மாட்டுக்கொட்டிலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். தில்லை நகரில் ஒருவர் அகப்பைக் காம்பால் ப்ளக்கைத் தட்டிக் கழற்றினாராம். வாங்கிப்போனவர்கள் என் செட்டையும் கோணியில் சுற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் வைத்தார்கள். இதில் ட்ரான்ஸ்பார்மர் இருக்கிறது, பேட்டண்டு வாங்கியது, உங்களை ஒன்றும் செய்யாது என்று பின்பலகையைத் திறந்து காட்டினால், எட்டிப் பார்க்கவே பயந்து பின்னால் நகர்ந்தார்கள். "வேணாங்க, நீங்களே வச்சுக்கங்க." காசுகூடக் கேட்காமல் போனவர்கள் உண்டு. பாய் கடையும் பூட்டு, என் கடையும் பூட்டாத குறை.

மார்கழி இன்னும் முடியவில்லை. விடியற்காலையில் நீங்கள் சித்திரை வீதியில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? போன வருஷம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பாட்டு வரும், ஒரு வரியும் விடாமல் தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டே போகலாம். இப்போது காக்கைதான் கத்துகிறது. நான் போய்ப் பார்த்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அந்த வீட்டு வாசலில் கோலம் இல்லை. அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

கோப்பை விஷயம் கேட்டீர்களே. கேட்கவில்லையா? நீங்கள் மனதில் கேட்டிருப்பீர்கள். அன்றிலிருந்து என்னால் பித்தளையைத் தொட முடியவில்லை. செம்பில் தண்ணீர் கொடுத்தாலும், கதவின் பித்தளைக் கைப்பிடி என்றாலும் விரல் தானாக மடங்கிக்கொள்கிறது. அதில் கரண்டு இல்லை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் பயமாக இருக்கிறது. கோயிலில் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் பித்தளைக் கம்பித் தடுப்பு வைத்திருக்கிறார்களே, கூட்டம் என்னை அதன்மேல் தள்ளியபோது அலறிவிட்டேன். மயிலம்மாள் காந்தி மார்க்கெட்டில் இந்தக் கோப்பையை வாங்கிவந்து வைத்தாள். இப்போதெல்லாம் அவளும் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைக்கிறேன். சாப்பாடு வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளித்தான் நிற்கிறாள்.

இவ்வளவு சொன்னதிலேயே உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். ஐப்பசியிலிருந்து அதே குமிழ், அதே ஈரப்புடவை. கார்த்திகை முழுக்க ஆகாதது மார்கழியில் எப்படி ஆயிற்று?

அதற்கு முதல்நாள் பகலில் நான் ஸ்ரீரங்கம் போனேன். சடகோபன் ஆபீஸில் இருக்கிற நேரம் அது, எனக்குத் தெரியும். மார்கழி ஆயிற்றே, செட் கரகரக்காமல் பாடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அந்த அம்மாளிடம் சொன்னேன். இவரிடம் செட்கூட வாங்கவில்லை, ஆனாலும் இத்தனை அக்கறையாக வந்திருக்கிறாரே என்று அவருக்குச் சங்கோஜம். "வெயில்ல வந்திருக்கேளே, மோர் கொண்டுவரேன்" என்று உள்ளே போனார். சட்டைப்பையில் கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர் வைத்திருந்தேன். சுவர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு டெஸ்டரைக் குமிழில் வைத்தேன், அதன் தலையிலிருக்கிற குட்டி விளக்கு எரியவில்லை. ப்ளக் சரியாகத்தான் இருந்தது. சடகோபன் செட் வாங்கிய அன்றே சரியாகச் சொருகியிருக்கிறார், பிறகு அதைத் தொடவே இல்லை. அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

நான் ப்ளக்கை உருவி, திருப்பிச் சொருகினேன். மறுபடி டெஸ்டரை வைத்தேன். விளக்கு எரிந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு, குமிழைத் துண்டால் நன்றாகத் துடைத்து வைத்தேன்.

மோர் நன்றாக இருந்தது. பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டிருந்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்று, "இனிமே நன்னாப் பாடுமோன்னோ?" என்று கேட்டார்.

"நல்லாப் பாடும்மா. காலையில பாருங்க" என்றேன்.

அவ்வளவுதான், ஐயா. பாயை விட்டுவிடுங்கள், கமருன்னிசாவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். நான் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன், விலங்கு போடுவதானால் கையில் ஒரு துணியைச் சுற்றிவிட்டுப் போடுங்கள். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டீர்கள் அல்லவா? கடைசியில் ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இருந்தது என் செட்டாக இருந்திருந்தால், நான் ப்ளக்கை எத்தனை தரம் திருப்பியிருந்தாலும் அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.